கோழிக்கூட்டுக்கு இரவில் வருவது கீரியா, மரநாயா? வீட்டில் ஆளுக்கொரு கருத்து

மொட்டைப்பாறையான்:

எல்லோருக்கும் வணக்கம். அய்யலூரிலிருந்து கடவூர் மலைப் பக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன், அப்பாவுக்கு மூட்டுவலி முற்றிவிட்டதால் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டேன். ஓட்டு வீடு, பின்னால் கட்டுத்தரை, அதையொட்டிக் கோழிக்கூடு, வைக்கோல் படப்பு, கிணறு. கிணற்றுக்கு அப்பால் கிளுவை வேலி. வேலியைத் தாண்டினால் கரடுதான். கல்லும் முள்ளும் கத்தாழையும். இரண்டு மாடு, எட்டு வெள்ளாடு, இருபது சொச்சம் நாட்டுக்கோழி, மணி என்று ஒரு நாய். மணியைக் காவலுக்கு என்று வாங்கினோம். இரவு முழுக்கக் குரைக்கிறது, ஆனால் எதைப் பார்த்துக் குரைக்கிறோம் என்று அதற்கே தெரிகிற மாதிரி இல்லை.

விஷயம் இதுதான். ஒருநாள் காலையில் கூட்டைத் திறந்தால் ஒரு வெடைக்கோழி செத்துக் கிடந்தது. தலை மட்டும் இல்லை. உடம்பு அப்படியே முழுசாக இருந்தது. கதவு சாத்தியபடியே இருந்தது, கொக்கியும் போட்டபடி இருந்தது. அடுத்த வாரம் இன்னொன்று, அதே மாதிரி. அப்புறம் ஒருநாள் ராத்திரி அம்மா கொக்கியை மாட்ட மறந்துவிட்டது. அன்றைக்கு ஒரு பெட்டைக்கோழி ஆளையே காணோம். தேடிப் பார்த்தால் கட்டுத்தரை விட்டத்தின் மேலே இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே, கவனியுங்கள், தரையில் இல்லை.

இது ஒரு பக்கம் என்றால் முட்டை ஒரு பக்கம். கட்டுத்தரை மூலையில் ஒரு பழைய கூடையில் வைக்கோல் போட்டு வைத்திருக்கிறோம், கோழிகள் அதில்தான் முட்டையிடும். மத்தியானத்துக்குள் எடுக்காவிட்டால் முட்டை இருக்காது. சில நாள் படப்புக்குப் பின்னால் ஓடு கிடக்கும், சில நாள் அதுவும் இருக்காது.

அம்மா கீரிதான் என்கிறது. மத்தியான வெயிலில் தாய்க்கீரி ஒன்று குட்டிகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு களத்தைத் தாண்டிப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறதாம். அப்பா மரநாய் என்கிறார். இரண்டு பேருக்கும் இதில் பேச்சு வளர்ந்து, என் கல்யாணத்தில் யார் பக்கத்துச் சொந்தம் சாப்பிடாமல் போனது என்பது வரை வந்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா ஒரு வழி சொன்னார். கருவாட்டில் குருணை மருந்தைத் தடவி வேலியோரம் வைத்துவிடு, காலையில் எது செத்துக் கிடக்கிறதோ அதுதான் திருடன் என்றார். என் மனைவி ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டாள். நாலு வயதுப் பெண் குழந்தை எதையும் எடுத்து வாயில் வைக்கிற வீடு. எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் சித்தப்பாவிடம் சொல்ல வேறு வழி ஒன்று கையில் வேண்டுமே.

இன்னொன்று: படப்பில் ஒரு பெரிய பாம்பு குடியிருக்கிறது. அம்மா அதை “நம்ம வீட்டுச் சாரை” என்று ரேஷன் கார்டில் பேர் இருக்கிற மாதிரி சொல்கிறது. அடிக்க விடுவதில்லை. அதை அப்படியே விடலாமா?

கேட்க வேண்டியது: இரவில் வருவது எது? முட்டையும் அதே ஆளா? கூட்டை எப்படிக் கட்டினால் தப்பிக்கும்? இன்னொரு நாய் வாங்கினால் பிரயோஜனம் உண்டா?

---

நகரவாசி:

பழைய போன் ஒன்றைக் கூட்டுக்கு எதிரே கட்டி ரெக்கார்டிங் போட்டு வையுங்கள் நண்பா. எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

---

மொட்டைப்பாறையான்:

போட்டுப் பார்த்தேன் நண்பா. முழு இருட்டு. இருட்டுக்குள் மணி குரைப்பது மட்டும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

---

பெட்டைக்கோழி அக்கா:

தம்பி, நான் மணப்பாறைப் பக்கம். மாமியார் காலத்திலிருந்து கோழிதான் எங்கள் வீட்டுச் செலவுக்கு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். கீரி பகலில் நடமாடுகிற பிராணி. வெயில் சாய்ந்தால் வளைக்குப் போய்விடும். இரவில் பூட்டின கூட்டில் நடந்ததற்குக் கீரியைச் சொல்ல முடியாது. உங்கள் அம்மா பார்த்தது நிஜம்தான், ஆனால் அது வேறு வழக்கு.

தலை மட்டும் போகிறது, உடம்பு உள்ளேயே கிடக்கிறது என்றால் வந்தது உள்ளே நுழையவில்லை. கோழிக்கு ராத்திரியில் கண் தெரியாது. வலையோரமாக ஒட்டிக்கொண்டு தூங்கும். வெளியிலிருந்து எதுவோ வலை ஓட்டையில் தலையைப் பிடித்து இழுக்கிறது. தலை வரும், உடம்பு வராது. நீங்கள் போட்டிருப்பது அந்த ஆறுமூலைக் கண் வைத்த மெல்லிய கோழிவலைதானே? அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். வெளியே இருப்பது உள்ளே கை விடாமல் இருக்க அது உதவாது.

விட்டத்தில் இறகு என்றதுமே நாயும் நரியும் கணக்கிலிருந்து போய்விட்டன. மரம் ஏறுகிறது இரண்டு: மரநாய் அல்லது காட்டுப்பூனை. எது என்று கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. அடுப்புச் சாம்பலைச் சல்லடையில் சலித்துச் சுவர் மேலேயும் கூட்டைச் சுற்றியும் மெலிதாகத் தூவி வையுங்கள். பூனை வகை என்றால் நாலு விரல், வட்டமான தடம், நகம் பதியாது. மரநாய் என்றால் ஐந்து விரலும் பதியும், கைக்குழந்தை உள்ளங்கையை ஊன்றின மாதிரி இருக்கும். கூரை மேலே, தண்ணீர்த் தொட்டி மேலே எச்சம் கிடக்கிறதா என்றும் பாருங்கள். மரநாய் எச்சத்தில் விதை விதையாக இருக்கும். பழம்தான் அதற்குப் பிரதானம். பனையேறிகளைக் கேளுங்கள், கலயத்தில் இருப்பதைக் குடித்துவிட்டுப் போகும் என்று கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் கோழி கைக்கு எட்டினால் விடாது.

முட்டை வேறு ஆள் என்றுதான் எனக்குப் படுகிறது, ஏனென்றால் பகலில் போகிறது. ஓட்டைப் பாருங்கள். பாம்பு முழுசாக விழுங்கும். ஓடும் இருக்காது, கூடையில் வைக்கோலும் கலைந்திருக்காது. கீரி முட்டையைப் பின்னங்கால் இடுக்கு வழியாகச் சுவரிலோ கல்லிலோ வீசி உடைக்கும். சிதறல் கல் பக்கத்தில் கிடக்கும். காக்கை கொத்தி ஓட்டை போடும். உடும்பு வந்திருந்தால் கூடையையே கலைத்துப் போட்டிருக்கும். நாய் நசுக்கி நக்கும், சில சமயம் ஓட்டோடு தின்றுவிடும். சில கோழியே தன் முட்டையைக் கொத்தித் தின்னும், சுண்ணாம்புச் சத்து பத்தாவிட்டால். அதன் மூக்கில் மஞ்சள் கரு காய்ந்திருக்கும், பார்த்தாலே தெரியும். கிளிஞ்சலை இடித்துப் போட்டால் நிற்கும்.

இன்னும் ஒன்று, குஞ்சு செத்து, மேலெல்லாம் எச்சில் பூசினது போல ஈரமாகக் கிடந்தால் அது பாம்பு விழுங்கப் பார்த்து விட்டுப் போனது. வெறுங்கையால் கூட்டுக்குள் துழாவாதீர்கள். பாம்பு உள்ளேயே இருக்கலாம். நான் எப்போதும் குச்சியால் தட்டிவிட்டுத்தான் கை வைப்பேன்.

கூடு: அரை அங்குலக் கண் வைத்த வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை, வாங்குங்கள். பழைய வலையைக் கழற்ற வேண்டாம், அதன் மேலேயே அடிக்கலாம். கீழே ஒரு அடி வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள், தோண்டுகிறவர்களுக்காக. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்து முக்கியம். ஆட்கள் நாலு பக்கமும் அடைத்துவிட்டு மேலே திறந்து விட்டிருப்பார்கள். தலை நுழைகிற இடத்தில் மரநாய் உடம்பும் நுழைந்துவிடும். உள்ளே கோழி உட்காரக் கட்டையை வலையிலிருந்து ஓரடியாவது தள்ளி நடுவில் கட்டுங்கள். கொக்கி போதாது, தாழ்ப்பாள் போடுங்கள். அடைக்கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு மேலே கல் வைப்பது பகலுக்குச் சரி, ராத்திரிக்கு ஆகாது.

---

மொட்டைப்பாறையான்:

அக்கா, சாம்பல் தூவினேன். சுவர் மேலே வரிசையாக ஐந்து விரல் தடம். விட்டத்திலும் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி மூடி மேல் எச்சம், அதில் ஈச்சங்கொட்டை. அப்பா எழுந்து வந்து, கண்ணாடி போட்டுப் பார்த்து, ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்து இன்னொரு டீ கேட்டார். அவருக்கு மூட்டுவலி பாதி குறைந்துவிட்டது.

முட்டைதான் வம்பாகிவிட்டது. படப்புக்குப் பின்னால் கிடந்த ஓடெல்லாம் நசுங்கி, உள்ளே கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் சந்தேகம் வந்து, மத்தியானம் வைக்கோல் பிரிக்கிற சாக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மணி வந்தது. கூடையில் கோழி உட்கார்ந்திருக்க, அது எழுந்து கொக்கரிக்கிற வரை எட்டத்தில் படுத்துக் காத்திருந்து, வாயில் ஒன்றைப் பூப்போலக் கவ்விக்கொண்டு படப்புக்குப் பின்னால் போனது. ராத்திரி சத்தம் போட்டுக் குரைக்கிற ஆள், இந்த வேலையில் ஒரு சத்தம் கிடையாது.

அம்மா நம்பவில்லை. “அது பிஸ்கட்டையே உடைத்துப் போட்டால்தான் திங்கும்” என்கிறது. வீடியோ எடுத்துக் காட்டினேன். கீழே விழுந்த முட்டையை எடுத்து வைக்கப் போகிறது என்கிறது.

---

வார்டு நர்ஸ்:

படப்பில் இருக்கிற பாம்பை விடலாமா என்று கேட்டதற்கு யாரும் பதில் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். அரசு மருத்துவமனையில் வேலை.

சாரைக்கு விஷம் கிடையாது. எலியைத்தான் தேடி வருகிறது. கோழித் தீவனம் சிந்துகிற இடத்தில் எலி வரும், எலி வருகிற இடத்துக்குப் பாம்பு வரும். குஞ்சு கிடைத்தால் சாரையும் எடுக்கும்தான், ஆனால் அது தின்கிற எலிக் கணக்கோடு பார்த்தால் உங்களுக்கு லாபம். அம்மா சொல்வது சரி. ஒரே ஒரு நிபந்தனை, அது சாரைதான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். படம் எடுக்காமல் ஊர்ந்து போகிற நல்லபாம்பைச் சாரை என்று நினைத்தவர்களை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். சாரைக்குக் கண் பெரியது, உதட்டுச் செதில்களின் விளிம்பில் கறுப்புக் கோடுகள் தெரியும். தூரத்திலிருந்து போட்டோ எடுத்துத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கிட்டே போய்ப் பார்க்க வேண்டாம்.

எனக்குப் படப்பில் இருக்கிற பாம்பை விடத் தரையில் படுக்கிற குழந்தையைப் பற்றித்தான் கவலை. கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வரும். தூக்கத்தில் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, பல் பட்ட இடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்பார்கள். அப்புறம் இமை தூக்க முடியாமல் சொருகும். வீட்டில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கிராமத்து வீட்டில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பாம்பை நினையுங்கள். கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலையைக் கட்டிப் பாய்க்கு அடியில் நான்கு பக்கமும் சொருகுங்கள். கொசுவுக்காகக் கட்டுகிற வலை பாம்பையும் தடுக்கும்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கிறவரிடம் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பை அடித்து எடுத்து வர வேண்டிய அவசியமே இல்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அரசு மருத்துவமனையில் இலவசம். அந்த மருந்து செய்ய வேண்டிய விஷத்தை மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிறார்கள். பிடித்த பாம்பைக் கொல்லாமல் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

---

கரட்டோரம்:

அண்ணே, நானும் உங்கள் மலைக்காரன்தான், கடவூர்ப் பக்கம். அந்தக் குருணை மருந்துக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் தெருவில் ஒருவர் எலிக்கும் மயிலுக்கும் என்று வைத்தார். முதலில் செத்தது அவர் வீட்டு நாய். அதைத் தின்ற காக்கைகள் அப்புறம். மயில் இன்னமும் அவர் கடலைக்காட்டில்தான் மேய்கிறது. விஷம் வைத்தால் திருடன் யார் என்று தெரியும் என்று உங்கள் சித்தப்பா சொல்வது நடக்காது. வேலியோரம் அன்றைக்கு யார் பசியோடு வந்தார்களோ அவர்கள்தான் செத்துக் கிடப்பார்கள். மரநாயும் சட்டப்படி பாதுகாப்பில் இருக்கிற பிராணி, 1972 வனவிலங்குச் சட்டம். மயிலைச் சொல்லவே வேண்டாம். மாட்டிக்கொண்டால் ஜாமீனுக்கு ஆகிற செலவில் கோழிப் பண்ணையே வைக்கலாம்.

உங்கள் கிளுவை வேலியில் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பாக இரண்டு கண் மின்னினால் அது தேவாங்கு. கோழிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, பூச்சி பிடித்துத் தின்கிற பிராணி. கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று 2022-ல் அறிவித்தார்கள். தேவாங்குக்கென்றே அமைத்த முதல் சரணாலயம் நாட்டிலேயே இதுதான். ஆனால் அதற்குச் சரணாலயத்தின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. நம் வேலி, நம் புளியமரம், ஊர்க் கோயில் மரம் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. கிளையும் கிளையும் கோத்துக்கொண்டு இருந்தால்தான் நடக்கும். அதனால் மரநாய்க்குப் பயந்து வேலியை மொத்தமாக வெட்டிவிட்டுக் கம்பி போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கட்டுத்தரைக் கூரையைத் தொடுகிற கிளையை மட்டும் கழித்துவிடுங்கள். மரநாய்க்கு வழி அதுவாகத்தான் இருக்கும்.

தேவாங்கைக் கண்டால் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் தாத்தா தினம் பார்த்தார், தொண்ணூறு தாண்டினார்.

மரநாய் ஓட்டுக்கு மேலே குடியே வந்துவிட்டால் வனத்துறை ரேஞ்ச் ஆபீசில் சொல்லுங்கள். நீங்களே கூண்டு வைத்துப் பிடித்து வேறு ஊரில் கொண்டுபோய் விடுகிற வேலை வேண்டாம். அது குற்றம், அது போக அந்த ஊர்க்காரர் கோழி என்ன பாவம் செய்தது?

---

காங்கேயத்துக்காரன்:

நாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்னொன்று வாங்காதீர்கள். மரம் ஏறி வருவதை நாய் என்ன செய்யும்? இரண்டு நாய் சேர்ந்தால் அதுவே ஒரு கூட்டம், அடுத்தவன் ஆட்டைத் துரத்தக் கற்றுக்கொள்ளும். எங்கள் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டியில் அடைத்த ஆடுகளை ராத்திரியில் தெருநாய்க் கூட்டம் கடித்துக் கொன்று, இழப்பீடு கேட்டு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். நரியைப் பார்த்துப் பயந்த காலம் போய் இப்போது நாய்க்குப் பயந்துதான் பட்டிக்கு வலை அடிக்கிறோம். உங்கள் எட்டு ஆட்டையும் ராத்திரி கதவு உள்ள கொட்டகையில் அடையுங்கள். மணியை இரவில் கூட்டுக்குப் பக்கத்தில் நீளக் கயிற்றில் கட்டுங்கள். பகலில் முட்டைக் கூடையை அதற்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள், கோழி பறந்து ஏறிக்கொள்ளும். வேலை முடிந்தது.

---

மொட்டைப்பாறையான்:

எல்லோருக்கும் நன்றி. மெஷ் வடமதுரையில் வாங்கி அடித்தாகிவிட்டது. கட்டையை நடுவில் மாற்றினேன். ஓட்டுச் சந்தை அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க நான் அடைத்தேன். முருங்கைக் கிளை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, வெட்டியாயிற்று. சுவரில் தடம் இன்னமும் விழுகிறது, கூட்டைச் சுற்றிவிட்டுப் போகிறது. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாம்பைப் போட்டோ எடுத்தேன் நர்ஸ் அம்மா, சாரைதான் என்றார்கள். குழந்தைக்குக் கொசுவலை கட்டிவிட்டோம். தீவனத்தை மூடி போட்ட டிரம்முக்கு மாற்றியாயிற்று.

சித்தப்பாவிடம் கரட்டோரம் தம்பி எழுதியதை வாசித்துக் காட்டினேன். நாய் செத்த கதையில் தலையை ஆட்டினார். தேவாங்கு என்றதும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முட்டைக் கூடையை உயரத்தில் தொங்கவிட்டதில் மணிக்கு முகம் வாடிப்போய்விட்டது என்று அம்மா அதற்குத் தினமும் ஒரு முட்டை அவித்துக் கொடுக்கிறது. கணக்குப் பார்த்தால் எனக்குப் பெரிய லாபம் இல்லை.

கடைசியாக ஒன்று. வியாழக்கிழமை அய்யலூர் சந்தையில் கினிக்கோழி ஒரு ஜோடி பார்த்தேன். புதிதாக எது வந்தாலும் சத்தம் போட்டு ஊரைக் கூட்டும், பாம்பு அண்டாது என்று விற்கிறவர் சொன்னார். வாங்கலாமா?

---

பெட்டைக்கோழி அக்கா:

பாம்பு வந்தால் கத்தும் என்பது உண்மை. நிழல் அசைந்தாலும் கத்தும், தபால்காரர் வந்தாலும் கத்தும், காரணமே இல்லாமலும் கத்தும். நாலு வயதுக் குழந்தையை மத்தியானம் தூங்க வைக்க வேண்டிய வீட்டுக்கு வேண்டாம் தம்பி. அந்தக் காசுக்கு இரண்டு வெடைக்கோழி வாங்கிக்கொள்ளுங்கள்.